சந்தனத்துக்கு அடியில் ஒரு கிரீடம்

பை மடியிலயே இருக்கட்டும் தம்பி. மேல வைக்க வேண்டாம். கனமெல்லாம் இல்ல, உள்ள ஒண்ணுமே கெடையாது, வெறும் பை. நீங்க ஜன்னலோரமா நல்லாத் தள்ளி உக்காந்துக்கோங்க. இல்ல இல்ல, எனக்கு ஜன்னல் சீட்டு வேண்டாம், நீங்களே இருங்க. நான் கயத்தாறு வரைக்கும்தான். நீங்க? திருநவேலியா. சரி, நேரம் கெடக்கு.

நீங்க பையைப் பாத்தீங்க, அதான் சொல்லுதேன். எல்லாரும் பாக்கத்தான் செய்யுதாவ. போன வாரம் கண்டக்டர் கேக்கான், என்ன சார் தபால் பையான்னு. கான்வாஸைக் கண்டாலே தபால் பைதான் அவனுக்கு. இது பைலட்டோட பை தம்பி. ரெண்டாம் உலக யுத்தம் நடந்துச்சுல்லா, அப்போ வெள்ளைக்கார பைலட் பாராசூட்டு, தலைக்குப் போடுறது, கையுறை எல்லாத்தையும் உள்ள திணிச்சு பிளேனுக்குத் தூக்கிட்டுப் போற பை. சும்மா அடிச்சு விடலை. நான் சொன்னா சொன்னதுதான், அதுல மாத்தம் கெடையாது.

என் பேரு ஞானதிரவியம். விமானப்படையில இருபது வருஷம். பிளேன் ஓட்டுனீங்களான்னு கேக்காதீங்க, எல்லாரும் மொதல்ல அதைத்தான் கேப்பாவ. நான் பாராசூட் மடிக்கிற செக்‌ஷன். நீளமா ஒரு மேஜை இருக்கும், அதுல விரிச்சு, சுருக்கம் எடுத்து, கயிறு கயிறா அடுக்கி மடிக்கணும். ஒரு கயிறு மாறினா ஒரு உயிரு. இருபது வருஷத்துல எத்தனை ஆயிரம் மடிச்சிருப்பேன், ஒண்ணுகூட வானத்துல விரியலை. தப்பா நெனைக்காதீங்க. குதிக்க வேண்டிய நெலமை யாருக்கும் வரலை, அவ்வளவுதான். நல்ல விஷயம்தான். ஆனா மடிச்சவனுக்கு ஒருக்காவாவது... சரி, அது கெடக்கட்டும்.

நான் சேந்த புதுசுல ஸ்டோர்ல யுத்தகாலத்துப் பை பத்துப் பதினைஞ்சு கெடந்துச்சு. கிழிஞ்சதைத் தைக்கிறது புதுசா வந்தவன் தலையில. அதனால இந்த மாதிரிப் பை ஒவ்வொரு அங்குலமும் எனக்குப் பாடம். இந்தக் கைப்பிடி நாடாவைப் பாருங்க. பை வாயோட நிக்கலை, அடிவரைக்கும் சுத்தி வந்து மறுபக்கம் ஏறுது. பை கிழிஞ்சாலும் பிடி பிரியாது. தபால் பைக்கு எவன் இப்படித் தைப்பான்?

டிக்கெட்டா? கயத்தாறு ஒண்ணு. சில்லறையா வச்சிருக்கேன் கண்டக்டர்.

இந்தப் பைக்குச் சொந்தக்கார அம்மா பேரு ஆவுடையம்மாள். மேலப்பொட்டல் ஊரு. கயத்தாறுக்கு ரெண்டு ஸ்டாப்பு முன்னால வரும், ரோட்டுமேலயே வீடு. அந்தப் பக்கம் பூரா யுத்த நேரத்துல பிளேன் எறங்க ஏரோட்ராம் போட்டிருந்த பொட்டல்தான். இப்போ ஆடு மேயுது. கோவில்பட்டியில பட்டாளத்துக்காரங்க கேன்டீன் இருக்குல்லா, நாலு மாசத்துக்கு முன்னாடி ஒருநாள் காலையில நாங்க வரிசையில நிக்கோம், இந்தம்மா ஒரு படுக்கை விரிப்புல எதையோ சுத்தி இடுப்புல இடுக்கிக்கிட்டு வாராவ. வந்து நேரா கேக்காவ, "ஆகாசப் படையில இருந்தவுக யாரும் இருக்கியளா?" எல்லாவனும் என்னைக் கை காட்டிட்டான். விரிப்பை விலக்கிக் காட்டுனாவ. பாத்த உடனே என் கை தானா அந்தக் கைப்பிடி நாடாவுக்குப் போயிட்டு தம்பி.

விஷயம் என்னன்னா, அவுக வீட்டுக்காரர் கொம்பையான்னு, மோட்டாருக்குக் காயில் கட்டுறவர். ஊர் ஊராப் போயி கெணத்து மோட்டாரைப் பிரிச்சு, செம்புக் கம்பி சுத்திக் குடுப்பாரு. சாமானெல்லாம் இந்தப் பையிலதான் போகும். ரெண்டு வருஷம் ஆச்சு அவர் தவறி. நல்ல தொழில்காரர்தான், ஆனா வாயைத் தொறந்தா புளுகு. கம்பை வச்சுச் சிறுத்தையை வெரட்டுனேம்பாராம். டெல்லியில மந்திரி வீட்டு மோட்டார் ஓடலைன்னு என்னைத்தான் தந்தி அடிச்சுக் கூப்பிட்டாம்பாராம். அந்த வரிசையில ஒண்ணுதான் இந்தப் பை. அவங்க அப்பா ஏரோட்ராம்ல தண்ணி வண்டி அடிச்சவராம். புழுதி பறக்காம இருக்க ஓடுதளத்துல தண்ணி தெளிக்கிறது. அவர்கிட்ட ஒரு பைலட் ஊருக்குக் கெளம்புறப்போ பையைக் குடுத்துட்டுப் போனான்னு கதை. அந்தம்மா நம்பலை. யாருதான் நம்புவா? தபால் பையைத் தூக்கிட்டு வந்து பைலட் பைன்னு சொல்லுதீரேன்னு நாப்பது வருஷமா கேலிதான். புளுகுமூட்டைன்னுதான் புருசனுக்கே பேரு.

கடைசியா பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில கெடக்காரு. மூச்சு வாங்குது. அப்போ அந்தம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு, "ஆவுடை, மத்ததெல்லாம் எப்படியோ, பை மட்டும் நெசம்டீ"ன்னிருக்காரு. இந்தம்மா, "போதும் உம்ம புளுகு, பேசாமப் படும்"னு சொல்லியிருக்காவ. அதுக்கப்புறம் அவரு பேசலை. மறுநாள் முடிஞ்சிட்டு.

இதை அவுக கேன்டீன் வாசல்ல நின்னுக்கிட்டே சொல்லுதாவ, நாலு பேரு கேக்க. அழலை. "அண்ணாச்சி, எனக்கு ஒண்ணு தெரிஞ்சாப் போதும். நான் பொய்யனைப் பொய்யன்னு சொன்னேனா, நெசம் சொன்ன மனுசனைப் பொய்யன்னு சொன்னேனா? அது தெரிஞ்சாத்தான் எனக்குச் சோறு எறங்கும்"னாவ.

நான் என்ன சொன்னேன்னா, இது எடுத்தேன் கவுத்தேன்னு சொல்லுற விஷயம் இல்லம்மா, முறைப்படி பாக்கணும், வியாழக்கிழமை வியாழக்கிழமை வீட்டுக்கு வந்து பாக்குதேன்னேன். எனக்கு வியாழக்கிழமை வேலை ஒண்ணும் கெடையாது. மத்த நாளும் பெருசா ஒண்ணும் இல்ல, வச்சுக்கோங்க. என் வீட்டுக்காரி போயி ஆறு வருஷம் ஆச்சு. மக ஆஸ்திரேலியாவுல. ஞாயித்துக்கிழமை போன்ல மூஞ்சியக் காட்டுவா, பேரன் ஹாய்னு கையை ஆட்டிட்டு ஓடிருவான். எனக்குத் தனியா இருக்கது பழக்கம் தம்பி. பட்டாளத்துலயே பழகிட்டேன். இப்போ பஜார்ல ஒரு மெஸ்ஸுல சாப்பாடு. ஒரு குறையும் இல்ல.

அப்படித்தான் போக ஆரம்பிச்சேன். மொத வியாழக்கிழமை கைப்பிடி மட்டும் பாத்தேன். பூதக்கண்ணாடி வச்சு, நோட்டுல எழுதி. அடுத்த வாரம் பித்தளைப் பொத்தான். அதுக்கடுத்த வாரம் நூலு. மெழுகு போட்ட நூலு அது, அங்குலத்துக்கு எத்தனை தையல்னு எண்ணணும். ஒரே நாள்ல எல்லாத்தையும் பாத்துரலாமேன்னு கேப்பீங்க. பாக்கலாம். ஆனா பாராசூட் மடிச்சவன் அவசரப்பட மாட்டான். அவசரம் ஆபத்து. எங்க செக்‌ஷன்ல சுவத்துலயே எழுதிப் போட்டிருக்கும்.

வீட்டு முன்னால தகரம் எறக்கியிருக்கும். அதுக்கடியில ரெண்டு நாற்காலி போடுவாவ. அவுகளுக்கு ஒரு மர நாற்காலி, எனக்குப் பச்சை ஒயர் பின்னின நாற்காலி. அதுக்கு இடது கை ஒடிஞ்சு ஆடிக்கிட்டு இருந்துச்சு. நான்தான் பாராசூட் கயித்தை வச்சு எங்க செக்‌ஷன் முடிச்சாப் போட்டுக் கட்டிக் குடுத்தேன். அந்த முடிச்சு அவிழாது. ரெண்டு நாற்காலியும் ரோட்டைப் பாத்து இருக்கும். எதுக்கு ரோட்டைப் பாத்துன்னு கேட்டேன், வெளிச்சம் நல்லா விழும்லா அண்ணாச்சின்னாவ. சரியாத்தான் யோசிச்சிருக்காவன்னு நெனைச்சுக்கிட்டேன்.

வேலை நடக்கையில பேச்சு ஓடும். அவுக கொம்பையா புளுகை ஒவ்வொண்ணா எடுத்து விடுவாவ. சொல்லச் சொல்ல அவுகளுக்கே சிரிப்பு வந்திரும், முந்தானையால வாயப் பொத்திக்குவாவ. நான் நோட்டை மூடி வச்சுட்டுக் கேப்பேன். கேக்கணும்லா. சாமானுக்குப் பின்னால இருக்க தகவலையும் சேக்கணும், அதுவும் வேலைதான். மத்தியானம் ஆயிரும். போகக் கூடாதுன்னு நிப்பாவ. சுண்டவத்தல் குழம்பு, சுட்ட அப்பளம். ஒருநாள் உளுந்தங்களி, நல்லெண்ணெய் குழி நெறைய. எனக்கு உளுந்தங்களி பிடிக்கும்னு நான் சொல்லவே இல்ல. சொல்லாமலே செஞ்சிருந்தாவ. நாலு மணிக்குக் கருப்பட்டிக் காப்பி குடிச்சுட்டுப் பஸ் ஏறுவேன். பஸ் வளையுற வரைக்கும் வாசல்ல நிப்பாவ. ரோட்டுமேல வீடுன்னா அப்படித்தான் நிக்கத் தோணும் போல.

சரி, இந்தப் பையில சந்தனம் அப்பிக் கெடந்துச்சு, அதுக்கு வாரேன். இங்க பாருங்க, பை முகப்புல. இந்த இடம். மத்த இடமெல்லாம் பழுப்பா இருக்கு, இங்க மட்டும் வெளுத்து வட்டமா இருக்குல்லா? இங்கதான் எல்லாப் பிரச்சினையும்.

ஆயுத பூஜைக்கு நம்மாட்கள் சாமானுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைப்பாவல்லா. கொம்பையாவும் வருஷா வருஷம் சுத்தியல், திருப்புளி எல்லாத்துக்கும் வச்சுட்டு, பைக்கும் சந்தனத்துல விபூதியைக் குழைச்சு மூணு விரலால பட்டை இழுப்பாராம். நடுவுல குங்குமம். எல்லாரும் செய்யுறதுதான். ஆனா மத்தவன் வச்சது ரெண்டு நாள்ல உதுந்துரும். இவரு மழையிலயும் வெயில்லயும் பையோட அலையுறவரு, சாமிக்கு வச்சது அழியக் கூடாதுன்னு, காயிலுக்குப் பூசுற வார்னிஷை எடுத்து அதுமேல ஒரு பூச்சுப் பூசிருவாராம். அடுத்த வருஷம் அதுக்கு மேலயே பட்டை, அதுக்கு மேல வார்னிஷ். முப்பத்தாறு வருஷம் தம்பி. கண்ணாடி மாதிரி எறுகிப்போயி, சுட்ட அப்பளம் தடிமனுக்கு ஏறிக் கெடந்துச்சு. மஞ்சளும் சிவப்புமா. மேல விரல் தடம் மூணும் பள்ளம் விழுந்து அப்படியே இருக்கும். அதுல நடுக்கோடு மட்டும் பாதியில நின்னுபோகும். ஏன்னா அவருக்கு நடுவிரல் நுனி கெடையாது. மாவு மில்லு பெல்ட்டுல போயிட்டு.

அந்தம்மா பேசுறப்போ சில சமயம் அந்தப் பள்ளத்துல விரலை வச்சுக்கிட்டே பேசுவாவ. பழக்கதோஷம்.

கவர்மென்ட் முத்திரை எப்பவும் முகப்புலதான் குத்தியிருக்கும். ஒரு கிரீடம், அதுக்குக் கீழ ரெண்டு எழுத்து, வருஷம். இவரு சரியா அதுக்கு மேலயே சந்தனத்தை அப்பி வச்சிருக்காரு. ஒன்பதாவது வியாழக்கிழமை அந்தம்மா கேட்டாவ, "இன்னும் என்ன பாக்கி இருக்கு அண்ணாச்சி?" நானும் எத்தனை வாரம்தான் நூலையே எண்ணுறது? முத்திரைதான் பாக்கி, அது சந்தனத்துக்கு அடியில இருக்கு, அதைப் பாத்தா எவனும் மறுபேச்சு பேச முடியாதுன்னேன். "அப்போ இது போயிருமே"ன்னாவ. போகும்தான், வேற வழி இல்லன்னேன். பொய் இல்லையே. முத்திரைதான் கடைசி ஆதாரம், எந்தப் புஸ்தகத்துலயும் அப்படித்தான் இருக்கும்.

அன்னைக்குச் சாப்பாட்டுல உப்பு இல்ல. நான் சொல்லலை.

பத்தாவது வாரம் அதைப் பத்திப் பேச்சே எடுக்கலை. பையை வெளிய கொண்டாரவும் இல்ல. சும்மா உக்காந்து ரோட்டைப் பாத்துக்கிட்டு இருந்தோம். எனக்கு அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு. லாரி போச்சு, பஸ் போச்சு. ஒரு பஸ்ஸுல கல்யாணக் கூட்டம் பாட்டுப் போட்டுக்கிட்டுப் போச்சு. வேலை நடக்கலையேன்னு உள்ளுக்குள்ள ஒரு உறுத்தல் இருந்துச்சுதான். ஆனா அவசரப்படுத்தக் கூடாதுல்லா.

பதினோராவது வாரம் போறேன். எறங்கும்போதே தின்னர் வாடை. கொம்பையா வார்னிஷைக் கரைக்க வச்சிருந்த தின்னர் டின் வாசல்ல கவுந்து கெடக்கு. அந்தம்மா தரையில உக்காந்திருக்காவ, கையெல்லாம் செவந்து தோலு உரிஞ்சு கெடக்கு. பழைய சேலைத் துணி ஒண்ணு பக்கத்துல, மஞ்சளும் சிவப்புமா ஊறிப்போயி. வெடியக்காலையில இருந்து தொடைச்சிருக்காவ. என்னை உக்காருங்கன்னுகூட சொல்லலை. பையைத் தூக்கிக் காட்டுனாவ.

கிரீடம் தம்பி. என்னமா இருந்துச்சு தெரியுமா. வார்னிஷ் மூடியிருந்ததால நேத்துக் குத்தின மாதிரி. கிரீடம், கீழ ஏ, எம்னு ரெண்டு எழுத்து, வெள்ளைக்காரன் விமான இலாகாவோட எழுத்து. அதுக்குக் கீழ நாப்பத்து மூணு. இந்தா பாருங்க, இப்பவும் தெரியுது. என் வாழ்க்கையில இவ்வளவு சுத்தமா ஒரு முத்திரை நான் பாத்ததில்ல. நான் வெறைப்பா நின்னு சல்யூட் அடிச்சேன்னா பாத்துக்கோங்க.

"நெசமா அண்ணாச்சி?"ன்னாவ.

"சத்தியமா நெசம். பைலட் பை. நாப்பத்து மூணு. கொம்பையா சொன்னது அத்தனையும் பொருந்துது."

அப்போதான் அழுதாவ. சத்தமே இல்ல. "நாப்பது வருசமா புளுகுமூட்டைன்னு கூப்பிட்டேனே. சாகுறப்போகூட வாயை அடைச்சேனே"ன்னு சொல்லிக்கிட்டே அழுதாவ. அதுலயும் நடுவுல ஒரு சிரிப்பு. "ஒண்ணே ஒண்ணு நெசம் சொன்னீரே மனுசா"ன்னு. நானும் எதுக்கால தரையில உக்காந்துட்டேன். ஒரு உயிருக்கு நிம்மதி குடுத்திருக்கோம்லான்னு எனக்கு மனசு நெறைஞ்சுபோச்சு. மறைக்காமச் சொல்லுதேன்.

கொஞ்ச நேரம் கழிச்சுத் தண்ணி குடிச்சுட்டுக் கேட்டாவ. "அண்ணாச்சி, இந்தக் கிரீடத்தைப் பாக்காட்டா உங்களால சொல்லியிருக்கவே முடியாதா?"

இதுக்கு நான் என்ன சொல்லணும்ங்கீங்க? என் தொழிலைக் கேக்காவ. இருபது வருஷச் சர்வீஸைக் கேக்காவ. நான் சொன்னேன், "என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க, அந்தக் கைப்பிடி நாடாவைப் பாத்தப்பவே எனக்குத் தெரியும். கேன்டீன் வரிசையிலயே தெரியும். நீங்க விரிப்பை விலக்குன அந்த நிமிஷமே தெரியும்."

பெருமையாத்தான் சொன்னேன். பெருமைப்பட வேண்டிய விஷயம்தானே?

அவுக டம்ளரைக் கீழ வச்சுட்டு என்னை நிமுந்து பாத்தாவ. அப்புறம், "மொத நாளேவா?"ன்னாவ. ஆமான்னேன். "அப்போ பதினோரு வியாழக்கிழமை?"ன்னாவ. அது முறைப்படி சோதிக்கதும்மா, ஆதாரம்னு ஒண்ணு வேணும்லான்னேன். "எனக்கு எதுக்குய்யா ஆதாரம்? நீங்க ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நம்பியிருப்பேனே"ன்னாவ. சத்தம் போடலை. தன் கையைப் பாத்தாவ. அந்த வெளுத்த இடத்துல விரலை வச்சுத் தடவிப் பாத்தாவ. அங்க பள்ளம் ஒண்ணும் இல்லையே.

பிறகு பையை எடுத்து என் மடியில வச்சாவ. "கொண்டு போங்க. இது இனிமே வெள்ளைக்காரன் பைதான்"னாவ. அந்த அழுக்குத் துணி இருந்துச்சுல்லா, தின்னர்ல ஊறினது, அதைப் பதனமா நாலா மடிச்சு நெஞ்சோட வச்சுக்கிட்டு உள்ள போயிட்டாவ. கதவு சாத்திட்டு.

இது எந்த ஊரு நியாயம் தம்பி? பையைக் குடுத்துட்டுத் துணியை வச்சுக்கிட்டாவ. பதினோரு வாரம் நாயா அலைஞ்சு உண்மையைக் கண்டுபிடிச்சுக் குடுத்தவனுக்கு ஒரு வாய் காப்பி இல்ல. நான் என்ன பொய்யா சொன்னேன்? அவுக கேட்டது உண்மைதானே, உண்மையைத்தானே குடுத்தேன்? அன்னைக்கு மெஸ்ஸுக்கும் போகலை. வீட்டுல போயிப் பையை மேஜையில வச்சுட்டு உக்காந்திருந்தேன். ஞாயித்துக்கிழமை மக போன் பண்ணுனா, எடுக்கலை.

சரி, கேளுங்க.

அதுக்கடுத்த வாரம் நான் ஒரு காரியம் பண்ணுனேன். யாருகிட்டயும் சொல்லலை. கோவில்பட்டி பஜார்ல சந்தனமும் விபூதியும் வாங்குனேன். கடைக்காரன் ஒரு மாதிரி பாத்தான், அவனுக்கு என்னைத் தெரியும், நான் ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறவன். வீட்டுல கதவைச் சாத்திக்கிட்டு, அதே பதத்துக்குக் குழைச்சு, அதே இடத்துல மூணு விரலால இழுத்தேன். நடுவிரல் நுனியை மடக்கி வச்சுக்கிட்டு, பாதியில எடுத்து. அவுக பாத்தா கொஞ்சம் மனசு ஆறுமேன்னுதான். வேற ஒண்ணும் இல்ல.

இழுத்து முடிச்சுட்டுக் கண்ணாடி போட்டுப் பாத்தேன். பாத்த உடனே தெரிஞ்சிட்டு, போலின்னு. என் விரலு தடி. அவரு விரலு மெலிசு, செம்புக் கம்பி சுத்துன விரலு. ஈரத் துணியால தொடைச்சுட்டேன். வார்னிஷ் பூசலைல்லா, ஒரே தொடைப்புல போயிட்டு.

அப்போ இன்னைக்குப் பையைத் திருப்பிக் குடுக்கத்தான் போறீங்களான்னு கேக்கீங்களா? சேச்சே. நான் கயத்தாறுக்குப் போறேன். அங்க பஸ் ஸ்டாண்டுல ஒரு டீ குடிச்சுட்டு அடுத்த பஸ்ஸுல திரும்பிருவேன். ரெண்டு வாரமா அப்படித்தான் போயிட்டு வாரேன். இன்னைக்கு மூணாவது. காத்தாட ஒரு பிரயாணம், அவ்வளவுதான். பை? பையை வீட்டுல வச்சுட்டு வந்தா யாராவது எடுத்துட்டா என்ன பண்ண? சரித்திரச் சாமான்.

ஆமா, இன்னைக்கு வியாழக்கிழமைதான். அதுக்கென்ன?

தம்பி, அந்தப் பாலம் தாண்டினா மேலப்பொட்டல். உங்க பக்கம்தான் வரும். ஒரு ஒத்தாசை பண்ணுங்க. நீல கேட்டு, தகரம் எறக்கின வீடு. வாசல்ல ஒரு பழைய மோட்டார் கூடு கெடக்கும், அதுல மண்ணப் போட்டுத் துளசி வச்சிருப்பாவ. அங்க என்ன இருக்குன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. நான் பாக்கக் கூடாதுன்னு இல்ல, கழுத்துல சுளுக்கு, திரும்ப முடியலை. போன ரெண்டு வாரமும் கேட்டு சாத்தித்தான் இருந்துச்சாம், பக்கத்துல இருந்தவுக சொன்னாவ.

வருதா? தொறந்திருக்கா. சரி. வேற? நாற்காலியா. எத்தனை?

ரெண்டா?

நல்லாப் பாத்துச் சொல்லுங்க. ஒண்ணு மரமா. இன்னொண்ணு? பச்சை ஒயரா. இடது கையைப் பாருங்க, இடது கை, கயிறு கட்டியிருக்கா? வெள்ளைக் கயிறு. கட்டியிருக்கா. ரோட்டைப் பாத்துப் போட்டிருக்கா, வீட்டைப் பாத்தா? ரோட்டைப் பாத்து. யாரும் உக்காந்திருக்காவளா? யாரும் இல்ல. அவுக நிக்காவளா, வாசல்ல? நிக்காவ. சரி. சரி.

யாரோ விருந்தாளி வரப் போறாவ போல.

இல்ல தம்பி, எறங்கலை. நீங்க ஏன் எந்திரிக்கீங்க, உக்காருங்க. கண்டக்டர், நீங்க விசில் ஊதுங்க, இங்க எறங்க ஆள் இல்ல. அந்த நாற்காலி எனக்குன்னு எப்படித் தம்பி சொல்லுதீங்க, நீங்க இன்னைக்குத்தான் அந்த வீட்டையே பாக்கீங்க. வெறும் நாற்காலி. அதுல பேரா எழுதியிருக்கு? முத்திரையா குத்தியிருக்கு? இருபது வருஷம் சாமானைப் பாத்தே அது யாருது, எதுக்குன்னு சொன்னவன் நான். அது வேற யாருக்கோ போட்டது. நான் சொன்னா சொன்னதுதான்.

டிக்கெட்டு கயத்தாறு வரைக்கும் எடுத்தாச்சு. உக்காருங்க தம்பி, வண்டி கெளம்பிட்டு.